காணாததுக்கு விசில் இல்லை

குணம் அண்ணை இறந்த செய்தி ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணியளவில் வந்தது. அப்போது என் கையில் ஒருவருடைய குதிகால் இருந்தது. நான் டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரில், ஒரு மறுவாழ்வு நிலையத்தில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். மேசையில் கிடந்த தொலைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. நோயாளி போன பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். குணம் அண்ணையின் மகள் ஆரணி டேனிஷில் இரண்டு வரி எழுதியிருந்தாள். அப்பா இன்று விடியப்புறம் போய்விட்டார், மூளையில் இரத்தக் கசிவு, வலி இருந்திருக்காது என்று டொக்டர் சொல்கிறார். அடுத்த நோயாளி வருவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. அவரையும் வழக்கம் போலப் பார்த்து அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்து ஆரணி மறுபடி எழுதினாள். அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, நினைவு மலர் அடிக்கிறார்களாம், நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்வாளாம். நான் இந்த மலர்களை அவ்வளவாக நம்புகிறவள் அல்ல. என் அலமாரியில் பதினாறு மலர்கள் இருக்கின்றன. பதினாறு பேரில் ஒரு கோபக்காரர்கூட இல்லை. குணம் அண்ணைக்கு மூக்கு நுனியில் கோபம். அவரைப் பற்றி எழுதுவதானால் அந்தக் கோபத்தையும் எழுதுவேன், அதில் என் பங்கையும் எழுதுவேன் என்று ஆரணியிடம் சொன்னேன். அவர் என்னிடம் நோயாளியாக வந்த நாட்களைப் பற்றி எழுத என் தொழிலில் அனுமதி வேண்டும், அதையும் கேட்டேன். "அப்பா தன்னுடைய காலைப் பற்றி யாரிடம்தான் சொல்லவில்லை? எழுதுங்கள்" என்று டேனிஷில் பதில் வந்தது.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவரை மைதானத்தில்தான் தெரியும். கிழமை நாட்களில் அவர் இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் சாயத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, நம்மவர்களின் விளையாட்டுப் போட்டியில், நூறு மீற்றர் தொடக்கக் கோட்டில் விசிலோடு நிற்பவர். "இடத்தில்" என்பார். "ஆயத்தம்" என்பார். பிறகு விசில் வர நெடுநேரமாகும். ஓடுபவர்களில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தாலும் ஊத மாட்டார். மறுமுனையில், முடிவுக் கோட்டில், வெள்ளைக் கொடியோடு நிற்பவர் பக்கத்து ஊரான பிராண்டேயில் இருக்கும் தேவன் அண்ணை. தேவன் அண்ணை கொடியை உயர்த்தினால் அந்தப் பக்கம் தயார் என்று பொருள். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து இருவரும் சிநேகிதர்கள். என் நினைவில் அவர்கள் எப்போதும் நூறு மீற்றர் இடைவெளியில் நிற்கிறார்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன் முதலுதவிக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். ஐஸ் பைகளோடு போய் நின்றேன். குணம் அண்ணை என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இது:

"தங்கச்சி, ஐஸ் எவ்வளவு கொண்டு வந்தனீங்கள்?"

"ரெண்டு பை."

"காணாது. பின்னேரம் தகப்பன்மார் ஓடுவினம்."

அவர் சொன்னது சரி. எங்கள் போட்டியில் பெற்றோர் ஓட்டம் என்று ஒன்று உண்டு. காலை முழுவதும் மடக்குக் கதிரையில் இருந்து, இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, தேநீர் குடித்து, பேர் கூப்பிட்டதும் ஜீன்ஸோடு எழுந்து வந்து இருபது வயதில் ஓடியது போல ஓடுவார்கள். ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்காருவார்கள். அன்று நான்கு பேர். ஐஸ் போதவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து பெற்றோர் ஓட்டத்துக்கு முன் எல்லோரும் பத்து நிமிடம் துள்ள வேண்டும் என்று குணம் அண்ணை ஒரு விதி கொண்டுவந்தார். துள்ளாதவருக்கு விசில் இல்லை. சிரித்தார்கள், முணுமுணுத்தார்கள், துள்ளினார்கள்.

அவருக்கு ஓட்டத்தைப் பற்றிச் சில கொள்கைகள் இருந்தன. ஒன்று, சத்தம் போடுகிற கால் ஓடாது. அஞ்சலோட்டத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும்போது அவர்களை ஓடவிட்டு மறுபக்கம் திரும்பி நின்று காலடியைக் கேட்பார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை சோதித்தேன். ஆறு பிள்ளைகளை ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் ஓடச் செய்தோம். யார் முதலாவது, யார் கடைசி என்று அவர் சொன்னதை நான் தாளில் எழுதினேன். பிறகு அறுவரையும் ஒன்றாக ஓட்டினோம். முதலாவதும் இரண்டாவதும் கடைசியும் அவர் சொன்னபடி. நடுவில் மூன்று பேர் தலைகீழாக வந்தார்கள். தாளைக் காட்டினேன். ஓட்டத்தை நிறுத்துவது போலக் கையை உயர்த்தி, "பிழை. என்ரை பிழை" என்றார். அவ்வளவுதான். காற்றடித்தது, புல் ஈரம் என்று ஒரு காரணமும் சொல்லவில்லை. என் அறிவுக்கு, தவறை இவ்வளவு குறைந்த சொற்களில் ஒப்புக்கொண்ட தமிழ் ஆணை நான் அதற்கு முன் சந்தித்ததில்லை.

பிறகு தேநீர்க் கூடாரத்தில் என்னை வம்புக்கு இழுப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

"பல்கலைக்கழகம் போன ஆள், சொல்லுங்கோ பாப்பம். ஓடுற ஆளின்ரை வேகம் எங்கை இருக்கு?"

"தசையிலை."

"இல்லை."

கூடாரத்தைக் கட்டியிருந்த இழுபடும் கயிற்றின் கொக்கியைக் கழற்றி, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப என்ரை கை அசையுதோ? இல்லை. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கயிறுதான் இழுபடுது. விட்டா கயிறுதான் அடிக்கும். பிடிக்கிறது தசை. அடிக்கிறது நாண்." சொல்லிவிட்டு விட்டார். கயிறு ரோல்ஸ் தட்டில் போய் அடித்தது. தட்டுக்குச் சொந்தக்காரி அவரை ஏசினார்.

வீட்டுக்குப் போய் என் பழைய பாடநூலை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய அதில் இருந்தது. முழு வேகத்தில் ஓடும்போது பாதம் நிலத்தில் இருப்பது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு பொழுதில் கெண்டைத்தசை பெரிதாகச் சுருங்கி விரிய நேரமில்லை. அது இறுகி நிற்கிறது. அதற்கும் குதிக்கும் இடையிலுள்ள நாண், நம்மவர்கள் குதி நரம்பு என்று சொல்வது, இழுபட்டு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. அடுத்த முறை கண்டபோது அதைச் சொன்னேன். ஆனால் தொடக்கத்தில் அப்படியல்ல என்பதையும் சொன்னேன். முதற் சில அடிகளில் பாதம் நிலத்தில் கூடுதல் நேரம் தங்குகிறது. அங்கே தள்ளுவது தசைதான்.

"அப்ப நானும் சரி, நீங்களும் சரி."

"இல்லை அண்ணை. நீங்கள் பாதி சரி."

"நான் சும்மா பாத்துச் சொல்லுறன். நீங்கள் சம்பளம் வாங்கிறியள், உங்களுக்கும் பாதிதானே?"

இளவயதில் அவர் பெரிய ஓட்டக்காரர் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு நேரக் கணக்கும் சொன்னார்கள். நான் அவற்றை நம்பவில்லை. அவராக என்னிடம் ஒரு நேரமும் சொன்னதில்லை.

அவருடைய இன்னொரு கொள்கை விசிலைப் பற்றியது. ரண்டர்ஸ் நகரிலிருந்து வந்த ஒரு தகப்பன், தன் மகளை முந்திக் கிளம்பினாள் என்று வெளியே அனுப்பியதற்காக அவரோடு சண்டைக்கு வந்தார். பக்கத்துக் கோட்டுப் பிள்ளையும்தான் அசைந்தது என்றார். குணம் அண்ணை குரலை உயர்த்தவில்லை. "அசைஞ்சிருக்கும். நான் காணேல்லை. கண்டதுக்குத்தான் விசில். காணாததுக்கு விசில் இல்லை." அந்தத் தகப்பன் முணுமுணுத்துக்கொண்டு போனார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மைதானத்தில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு இதனால் வந்தது. அவர் ஒன்றைச் சொன்னால் அதைக் கண்டிருக்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்ததன் பாரம் இந்த மதிப்பில்தான் இருக்கிறது.

அந்த ஆண்டு ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஒரு ஓட்டம் புதிதாகச் சேர்த்தார்கள். தேவன் அண்ணை கொடியை மனைவி மலர் அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓட வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை.

"விசிலை வைச்சுக்கொண்டு ஊரையெல்லாம் துள்ள விடுறார். தானும் ஒருக்கா ஓடிக் காட்டட்டுமன். பயமெண்டா சொல்லட்டும்."

"உனக்குப் பின்னாலை வந்தா விசிலை உன்னட்டையே தாறன்."

"கேட்டியளோ எல்லாரும்? சாட்சி இருக்கு!"

குணம் அண்ணைக்கு அப்போது ஐம்பத்தொன்பது. முந்திய பிறந்தநாளுக்கு ஆரணி அவரை ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டிருந்தாள். குளிர்காலம் முழுவதும் காலுக்குப் பாரம் தூக்கியிருந்தார். கெண்டைக்கால் தடித்திருந்தது, காற்சட்டையை உயர்த்திக் காட்டினார். ஏழு ஆண்களையும் வரிசையில் நிறுத்திப் பத்து நிமிடம் துள்ள வைத்தார். தான் விசிலோடு நின்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிந்ததும் விசிலை ஒரு தாயிடம் கொடுத்துவிட்டு நேரே கோட்டில் போய் நின்றார். அவர் துள்ளவில்லை. அந்த விதியை எழுதியவரே அதற்கு வெளியில் நின்றதை அங்கிருந்த ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

முதல் முப்பது மீற்றர் அவர்தான் முன்னுக்கு. பிறகு நனைந்த துணியை உதறியது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் இரண்டு அடி நொண்டி நின்று திரும்பினார். அடுத்த கோட்டில், ஓரடி பின்னால், தேவன் அண்ணை.

"டேய் தேவன், ஏன்ரா உதைச்சனீ?"

"ஆர் உதைச்சது? நான் கிட்டவும் வரேல்லை!"

"வெல்லேலாதெண்டு தெரிஞ்சோடனை காலிலை அடிச்சிட்டாய். முப்பது வருஷமா உன்னோடை சாப்பிட்டனான்ரா."

அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் ஓடிவந்தார்கள். கூட்டத்தில் ஒருவர், "வாய்க்காரன், செய்திருப்பான்" என்றார். இன்னொருவர், "குணம் அண்ணை காணாததைச் சொல்ல மாட்டார்" என்றார். நான் அவரைக் குப்புறப் படுக்க வைத்து வலது கெண்டைக்காலை அமுக்கினேன். நாண் முழுதாக இருந்தால், அமுக்கும்போது பாதம் தானாக அசையும். அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். அசையவில்லை. குதிநாண் அறுந்துவிட்டது. அறுந்தவர்களில் பெரும்பாலானவர்கள் யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள் என்றுதான் சொல்வார்கள். எங்கள் படிப்பில் அது முதலாண்டுப் பாடம்.

தேவன் அண்ணை கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். "தங்கச்சி, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். சொல்லுங்கோ. நான் உதைச்சனானோ?"

"நான் பாக்கேல்லை" என்றேன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

நான் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆஸ்பத்திரியில் உறுதிசெய்த பிறகுதான் எதையும் சொல்ல வேண்டும் என்பதும் உண்மை. கூட்டத்தின் நடுவில் குரல் கொடுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை என்பதும் உண்மை. இத்தனை உண்மைகளையும் வைத்துக்கொண்டு அன்று நான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமையே தேவன் அண்ணையிடமிருந்து கொடியை வாங்கிவிட்டார்கள். இனி வேறு ஆள் நிற்கட்டும் என்று தொலைபேசியில் சொன்னார்களாம். கோயிலில் மலர் அக்கா பூசை முடியுமுன் எழுந்து போவதை இரண்டு வெள்ளிக்கிழமைகளில் கண்டேன். அவரோடு யாரும் சண்டை பிடிக்கவில்லை. பக்கத்தில் போய் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

குணம் அண்ணையை எங்கள் நிலையத்துக்கு அனுப்பினார்கள். முழங்கால் வரை உயர்ந்த கனத்த பூட்ஸ், குதியின் கீழ் மூன்று ஆப்புகள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓர் ஆப்பை எடுப்போம், குதி மெல்ல நிலத்துக்கு இறங்கும். ஒவ்வொரு முறையும் அவர் "அவன் உதைச்ச இடம்" என்றுதான் சொல்வார். ஆறாவது கிழமை நான் சொன்னேன்.

"அண்ணை, ஒருத்தரும் உதைக்கேல்லை."

"நான் உணர்ந்தனான்."

"எல்லாரும் அப்பிடித்தான் உணருவினம். இஞ்சை ஒரு டேனிஷ் மனிசி வந்தவ. தன்ரை வீட்டுப் படியிலை தனிய ஏறேக்கை அறுந்தது. ஆர் உதைச்சதெண்டு திரும்பிப் பாத்தவ. ஒருத்தரும் இல்லை."

அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் பாத்தவவோ?"

"ஓம்."

"அவ திரும்பேக்கை ஒருத்தரும் இல்லை. நான் திரும்பேக்கை தேவன் நிண்டவன்." பூட்ஸின் பட்டியை இறுக்கிக்கொண்டு, "அவ்வளவுதான், என்ன?" என்றார்.

பிறகு ஏன் அறுந்தது என்று கேட்டார். தசை கிழமைக் கணக்கில் பலமாகும், நாணுக்கு மாதக் கணக்கு வேண்டும் என்றேன். குளிர்காலம் முழுவதும் தசையை வளர்த்தார். நாண் பழைய நாண்தான். போதாததற்குக் குளிர்ந்த காலோடு ஓடினார். குதிநாணின் நடுப்பகுதி பதினேழு பதினெட்டு வயதுக்குப் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது.

"அப்ப இது நான் இஞ்சை வர முந்தின சாமான்."

"ஓம்."

"டென்மார்க்கின்ரை இல்லை."

"இல்லை."

"பிறகேன் உவை காசில்லாமல் வைத்தியம் பாக்கினம்? பேசாமல் சொல்லாமல் விடுங்கோ, கொமுன் நகரசபையிலை தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவினம்."

அந்த ஆறு கிழமையில் அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். எழும்பும்போது, "பிராண்டேக்குப் போகவேணும். இந்தக் காலோடை கார் ஓட்டேலாது" என்றார். சனிக்கிழமை நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

இக்காஸ்டிலிருந்து பிராண்டே தூரமில்லை. ஆனால் எங்களுக்கு முன்னால் காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய நீண்ட லொறி போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. அதன் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"தங்கச்சி, கிரவுண்டிலை என்ரை காலை அமுக்கினீங்கள்."

"ஓம்."

"அப்பவே தெரியுமோ?"

"தெரியும்."

லொறி அடுத்த வட்டச் சந்தியில் மெல்லத் திரும்பும் வரை அந்த இறக்கையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ரெண்டு பேர் போறம்" என்றார்.

கதவைத் திறந்தது மலர் அக்கா. வாங்கோ என்று சொல்லவில்லை.

"ஆரைத் தேடி வந்தனீங்கள்? உதைக்கிறவரையோ?"

"இல்லைப் பிள்ளை. உதைக்காதவனை."

உள்ளேயிருந்து தேவன் அண்ணையின் குரல் வந்தது. "மலர், கதவைச் சாத்து. இலையான் பறந்து உள்ளை வருது."

மலர் அக்கா சாத்தவில்லை. உள்ளே போனோம். குணம் அண்ணை இருக்காமல் நின்றபடியே சொன்னார். நாண் தானாக அறுந்தது, பின்னால் நடந்ததைத் தான் காணவில்லை, காணாததைச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். தேவன் அண்ணை தொலைக்காட்சியை நிறுத்தவில்லை.

"நான் உதைச்சிருந்தா அண்ணை, ஒரு காலிலை இல்லை, ரெண்டு காலிலையும் உந்தப் பூட்ஸ்தான் போட்டிருப்பியள்."

"தெரியும்."

"கிரவுண்டிலை சொன்னதை என்ரை வீட்டு ஹோலிலை வந்து திருப்பி எடுக்கேலாது. அண்டைக்குக் கேட்டவை இஞ்சை ஆர் இருக்கினம்? மலர். உந்தப் பூனை, அது கேக்கேல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "இவ. இவவும் பாக்கேல்லை."

மலர் அக்கா தேநீர் கொண்டுவந்தார். நான் தேநீரைக் குடித்தேன். குணம் அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப வாற வருஷம் கிரவுண்டிலை" என்றார் அவர்.

"நான் வரமாட்டன்."

"வா. வந்து தூரத்திலை நில். கேக்கிற தூரத்திலை."

அடுத்த ஆண்டு அவர் சொல்வாரா என்று எனக்கு நிச்சயமில்லை. பத்து மாதம் நீண்ட காலம். பழசைக் கிளற வேண்டாம் என்று போட்டி நடத்தியவர்கள் அவரைத் தடுத்ததையும் அறிவேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டத்துக்கு முன் அவர் மெல்ல நடந்து போய் ஒலிவாங்கியை வாங்கினார். அங்கே நின்றவர்களுக்கு அந்தச் சொற்கள் நினைவிருக்கும்.

"போன வருஷம் இந்த இடத்திலை தேவன் என்னை உதைச்சவன் எண்டு சொன்னனான். ஒருத்தரும் உதைக்கேல்லை. என்ரை நாண் தானா அறுந்தது. காணாததுக்கு விசில் ஊதிப் போட்டன். பிழை. என்ரை பிழை. எப்பிடி அறுந்ததெண்டு தங்கச்சி சொல்லுவா."

ஒலிவாங்கியை என்னிடம் தந்தார். முன்கூட்டி என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நான் இரண்டு நிமிடம் பேசினேன். தசை இறுகிப் பிடிப்பதை, நாண் இழுபடுவதை, அறுந்ததும் மூளை அதை உதை என்று ஏன் எடுத்துக்கொள்கிறது என்பதைச் சொன்னேன். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முடித்துவிட்டு ஒலிவாங்கியை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. "ஆயத்தம்" என்று சொல்லிவிட்டு நிற்பது போல நின்றார். நான்கு நொடி இருக்கும். நான் வேறெதுவும் சொல்லவில்லை. பிறகு வாங்கிக்கொண்டு, "நன்றி தங்கச்சி" என்றார்.

தேவன் அண்ணை வந்திருந்தார். கார் தரிப்பிடத்துக்கு அருகில், மரத்தடியில் நின்றவர், மைதானத்தின் வெளிவிளிம்பால் நடந்து முடிவுக் கோட்டுக்குப் போனார். அங்கே கொடியோடு நின்றவர் தானாகவே அதைக் கொடுத்துவிட்டார். கொடி உயர்ந்தது. இந்தப் பக்கத்தில் குணம் அண்ணை "இடத்தில்" என்றார்.

அதன் பின்னர் எட்டு ஆண்டுகள் அவர் அந்த நான்கு நொடியைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. போன கோடையில், விசிலுக்கு இவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று யாரோ குறைபட்டபோது, "ஓடுறவை ஆடாமல் நிக்குமட்டும் நான் நிப்பன். எனக்கு அவசரமில்லை" என்றார். நான் பக்கத்தில் ஐஸ் பெட்டியோடு நின்றேன். அது எனக்குச் சொன்னதா என்று தெரியாது. நிச்சயமில்லாததை இங்கே எழுத விரும்பவில்லை.

இறுதிச் சடங்கில் தேவன் அண்ணை பெட்டியின் முன் வலது பக்கத்தைத் தூக்கினார். வெளியே, கார்களுக்கிடையில், என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. "தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் கார் ஓடி அவரைக் கூட்டிக்கொண்டு வந்திராட்டி, நாங்கள் ரெண்டு பேரும் பேசாமலே போயிருப்பம். உங்களாலைதான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் வீட்டில், ஒலிவாங்கியின் முன், இப்போது: மூன்றாவது முறையாக எதுவும் சொல்லவில்லை.

குணம் அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டவை சில உண்டு. நிலையத்தின் நடைவழியில் நோயாளி வரும்போது, முகத்தைப் பார்க்குமுன் காலடியைக் கேட்கிறேன். பிடிப்பது தசை, அடிப்பது நாண் என்று டேனிஷ் நோயாளிகளுக்குச் சொல்கிறேன். அவர்களுக்கு உடனே விளங்குகிறது. ஆனால் அவரிடமிருந்து எடுத்த ஒன்றை இதுவரை நான் பயன்படுத்தவில்லை. அந்த ஒரு சொல். மைதானத்தில் செய்ததை மைதானத்தில்தான் திருப்பி எடுக்க வேண்டும். அன்று புல்லைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். இதைவிட நெருங்கிய மைதானம் இனி எனக்குக் கிடைக்காது. ஆரணி, உனக்கு வாசித்துக் காட்டுகிறவர் இந்த இடத்தில் தயங்கினால், விடாமல் வாசிக்கச் சொல்.

தேவன் அண்ணை, அன்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் பார்க்கவில்லை என்றேன். பார்க்கவில்லைதான். ஆனால் அவருடைய காலை அமுக்கியது என் கை. இரண்டு முறை அமுக்கினேன், பாதம் அசையவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே, ஒருவரும் உதைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். காரில் அவர் கேட்டபோது அதைச் சொன்னேன். உங்கள் வீட்டில் சொல்லவில்லை. ஒலிவாங்கி கையில் இருந்தபோதும் சொல்லவில்லை.

பிழை. என்னுடைய பிழை.